ஆறு வரி மாரப்பன்

நீ போட்ட கோடுதான், வேறு யார் போட்டது? மூன்றாவது மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்து, கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் பதினெட்டுப் பிள்ளைகளின் நாலு வருஷப் படிப்பைப் புரட்டித் தள்ளி, பதினெட்டாவது தாளில் சிவப்பு மையால் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கு ஒரே இழுப்பாக இழுத்தாயே, இழுத்த கையோடு ஓரத்தில் "இப்படி ஒரு ஆள் உலகத்தில் கிடையாது" என்று எழுதி மூடிபோட்ட பேனாவைப் பைக்குள் செருகிக்கொண்டாயே, அந்தக் கோடு எங்கே போய் விழுந்தது என்று ஒரு தடவையாவது கேட்டாயா? கல்லை விட்டெறிகிற போக்கிரிகூட யார் தலையில் விழுந்தது என்று ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவான். உனக்கு அந்த எட்டிப் பார்ப்பும் இல்லை. அதனால் விழுந்த இடத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. கேட்டுக்கொள்.

சங்ககிரி பைபாஸில், மேடு ஏறி வந்த லாரிகள் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் பாவாயியின் தார்ப்பாய்க் கடை இருக்கிறது. புருஷன் மஞ்சள்காமாலையில் போனபோது அவள் கையில் இருந்தது நாலு வயசுப் பெண் ஒன்று, சாக்கு ஊசி ஒன்று. அந்த ஊசியால் ஊரான் தார்ப்பாய்க்கு ஒட்டுப் போட்டு, ஒட்டுப் போட்டதை வாங்கி விற்று, விற்றதில் புதுசு வாங்கி, யாரிடமும் முதல் விலைக்கு எதையும் வாங்காமல், யாருக்கும் கடைசி விலையை முதலில் சொல்லாமல், பஞ்சாப் டிரைவரிடம் பஞ்சாபியில் வசவு வாங்கி அதே வசவை வட்டியோடு திருப்பிக் கொடுக்கப் பழகி, பதினெட்டு வருஷத்தில் நிலைநிறுத்திய கடை அது. பள்ளிக்கூடம் அவளுக்கு மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பை ரோடு சொல்லிக்கொடுத்தது, ரோடு அடித்துத்தான் சொல்லிக்கொடுக்கும்.

அவள் மகள் இந்துஜா மேற்கே மலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் இன்டீரியர் டிசைன் படிக்கச் சேர்ந்தபோது பைபாஸே சிரித்தது. "டெக்கரேசனா கண்ணு? மண்டபத்துல ஜிகினா கட்டறதுக்கா நாலு வருசம்?" என்று டீக்கடைக் குழந்தைவேலு கேட்டான். பாவாயிக்கும் பதில் தெரியாததால் அவனைத் திட்டி மட்டும் வைத்தாள். ஆனால் முதல் லீவுக்கு வந்த பெண் பையிலிருந்து டேப்பை எடுத்து, "அம்மா, கையத் தூக்கு. குனி. உக்காரு. எட்டி அந்தக் கவுற எடு" என்று தலையிலிருந்து கால்வரை அளக்க ஆரம்பித்தாள்.

"என்னடி, பாடைக்கு அளவெடுக்கறியா?"

"பேசாம நில்லும்மா. தோள் எறங்குது."

அளந்து முடித்து, கயிறு தொங்கும் கொக்கிகளை நாலு விரற்கடை இறக்கினாள், தையல் மிஷின் முன்னால் இருந்த முக்காலியை ஒரு செங்கல் உயரம் ஏற்றினாள், அவ்வளவுதான்; பதினோரு வருஷமாகத் தைலத்துக்கும் மாத்திரைக்கும் மசியாத தோள்வலி ஒரே மாசத்தில் பாவாயியை விட்டு இறங்கிப் போய்விட்டது. அன்றைக்கு டீக்கடை முன்னால் நின்று அவள் சொன்னது பைபாஸ் முழுக்கக் கேட்டது: "அலங்காரமில்லடா, ஆளை அளந்து வூடு பண்ற படிப்பு. நீங்கெல்லாம் வூட்ட அளந்துட்டு ஆளைப் புடிச்சு உள்ள திணிக்கறீங்க."

நாலாவது வருஷம் முடிகிற சித்திரையில் வந்தது கடைசிப் பரீட்சை. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு வாடிக்கையாளரை மனசால் எழுதி, அவருக்கு ஒரு வீட்டை உள்ளேயிருந்து வரைந்து, வெளியிலிருந்து மார்க் போட வருகிற பெரியவர் முன்னால் மாட்டவேண்டும். மற்றப் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து திரும்பிய தம்பதியை எழுதினார்கள், மூன்று நாய் வளர்க்கிற போட்டோகிராபரை எழுதினார்கள். தார்ப்பாய் வாசனையில் வளர்ந்த இந்துஜா ஆறு வரி எழுதினாள். பெயர் மாரப்பன், வயது ஐம்பத்தேழு. முப்பத்தொரு வருஷமாக நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுகிறார். கல்யாணம் ஆகவில்லை, சொந்த வீடு இருந்ததில்லை. கேபினுக்குப் பழகிய உடம்பு, காலை நீட்டிப் படுத்தால் தூக்கம் வராது. எதிரில் அகலமாக முன்கண்ணாடி இல்லாவிட்டால் சோறு இறங்காது. இருபதுக்குப் பதினாறு அடியில், ஒருதடவை இறங்கினால் திரும்ப ஏறவேண்டாத ஒரு வீடு வேண்டும்.

அந்த ஆறு வரியின் மேல்தான் நீ கோடு இழுத்தாய். லாரி டிரைவர் எந்தக் காலத்தில் டிசைனரைத் தேடி வந்தான் என்று கேட்டாயாம், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துவைத்திருந்தது, ஆடி பிறப்பதற்குள் பாஸான தாளோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தது. பெண் வீட்டுக்கு வந்து, வரைபடம் சுருட்டிய குழாயை மூலையில் சாத்திவிட்டு, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு, லோடு ஏற்றுகிற நேரத்தில், ஒரு நாக்பூர் லாரியிலிருந்து இறங்கி மாரப்பன் வந்தார்.

காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு ரெக்சின் பை. சட்டையின் மேல் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு ஒரு சிவப்புக் கோடு. கடைக்கு முன்னால் நின்று, "ஏனுங்கம்மிணி, இந்துஜாங்கற புள்ள வூடு இதுங்களா?" என்றார்.

"என்ன வேணும்? தார்ப்பாயா, கவுறா?"

"வூடுங்க."

உள்ளேயிருந்து டம்ளரோடு வந்த இந்துஜா அவரைப் பார்த்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மா, மாரப்பன்மா."

"எந்த மாரப்பன்?"

"நான் எழுதுனவரு."

பாவாயிக்கு ஆச்சரியப்பட நேரமில்லை, வாசலில் இரண்டு ஒரிசா வண்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "எழுதுனா வந்துதான ஆவாங்க" என்றாள். "சாப்ட்டீங்களா? உள்ள வாங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் கால் வைத்தார். கோடு இறுகியது. வண்டியில் பெல்ட்டைச் சட்டென்று இழுத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளுமே, அப்படிப் பிடித்துக்கொண்டது. வைத்த கால் உள்ளே போகவில்லை, உடம்பு பின்னால் வந்துவிட்டது. இன்னொரு தடவை மெதுவாக வைத்துப் பார்த்தார், அப்போதும் பிடித்தது. "பரவால்லீங்க, நான் வெளியவே நின்னுக்கறேன், பழக்கந்தான்" என்று அவர் சொன்ன விதத்தில் பாவாயிக்கு ஏனோ எரிச்சல் வந்தது. தட்டை வாசலில் கொண்டுபோய் நீட்டினாள். அவர் கை கழுவினார், சோற்றைப் பிசைந்தார், எதிரில் கண்ணாடி இல்லாததால் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலு ஓடிப்போய் பிஸ்கட் பாட்டில்கள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவந்து முன்னால் வைத்த பிறகுதான் முதல் கவளம் இறங்கியது.

இப்படியாக மாரப்பன் பைபாஸுக்கு வந்து சேர்ந்தார், பைபாஸும் ஒரு புதுப் பஸ் ஸ்டாப்புக்குப் பழகுவதுபோல அவருக்குப் பழகியது. கடைக்குப் பின்னால் ஆயுள் முடிந்து நின்ற லாரியின் கேபினில் அவருக்குப் படுக்கை ஆனது, உள்ளே போகிற இடங்களில் லாரி கேபினை மட்டும்தான் கோடு விட்டுவைத்தது. சலவைக்காரர் மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தார், பெயின்டர் தின்னர் போட்டுப் பார்த்தார், எலுமிச்சம்பழம், புளி, பல்பொடி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். சட்டையை மாற்றினால் புதுச் சட்டையில் கோடு தெரிந்தது, சட்டையைக் கழற்றினால் தோலில் தெரிந்தது. ட்ராபிக் போலீஸ் மட்டும் அவரைப் பார்த்தால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனது. இந்தப் பக்கத்தில் ஒழுங்காக சீட் பெல்ட் போடுகிற ஒரே டிரைவர் இவர்தான் என்று ஒரு ஏட்டையா சொன்னாராம்.

ஊர் என்றால் கேள்வி கேட்காமல் இருக்காது. எந்த ஊருங்க, அப்பன் பேரென்ன, கூடப் பொறந்தது எத்தனை, என்ன குலம் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மாரப்பன் ஒரே பதில் வைத்திருந்தார்: "எழுதலீங்க." ஆறு வரிக்கு மேல் அவரிடம் ஒன்றுமில்லை, அம்மாவின் முகம்கூட இல்லை. அது ஊருக்குப் பொறுக்கவில்லை. முதலில் குழந்தைவேலு, "அட, என்கூட அஞ்சாவது படிச்சயே மாரப்பா, கணக்கு வாத்தியார் நம்ம ரெண்டு பேரையும் வேப்பமரத்தடியில முட்டி போட வெச்சாரே" என்று ஒரு பள்ளிக்கூடத்தைக் கொடுத்தான். கூட முட்டி போட்டது உண்மையில் அவன் தம்பி, அந்தத் தம்பி கிணற்றில் போய் முப்பது வருஷம் ஆகிறது. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கும் ரசாக் பாய் ஒரு தங்கச்சியைக் கொடுத்தார். சலவைக்காரர் சின்ன வயசில் மாங்காய் மரத்திலிருந்து விழுந்த தழும்பைக் கொடுத்தார், மறுநாள் முழங்கையில் தழும்பு இருந்தது. ஆளாளுக்கு வீட்டில் வைக்க இடமில்லாத ஞாபகத்தைக் கொண்டுவந்து அவர்மேல் இறக்கிவிட்டு லேசாகிப் போனார்கள். லாரிக்காரர்தானே, லோடு தாங்குவார் என்று நினைத்திருப்பார்கள். அவரும் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "ஆமாங்க, ஞாபகம் வருதுங்க" என்று தலையாட்டுவார். ஆனால் யாரும் இல்லாதபோது ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு, கடையை ஒட்டிக் கிடக்கும் பாவாயியின் காலி மனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வந்திறங்கிய பயணி தன் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிற மாதிரியான இருப்பு அது.

பாவாயி மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. சும்மா கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் பெண் வைத்திருந்த நகலில் அந்த ஆறு வரியைத் தினம் ஒருதடவை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். கல்யாணம் ஆகவில்லை என்கிற மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தாள். யாருடைய சரக்கையும் புரட்டிப் பார்த்துக் குறை சொல்லத் தெரிந்தவளுக்கு அந்த வரியில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, சந்தோஷப்படவும் தைரியம் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் கோடைமழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே ஓட, அவர் மட்டும் கேபினுக்கும் போகாமல் வெளியே நனைந்துகொண்டு நின்றார். பாவாயி ஒரு புதுத் தார்ப்பாயைப் பிரித்து, ஒரு முனையைக் கடைத் தூணிலும் மறுமுனையைப் பழைய லாரியிலும் கட்டி அவரை அதன் கீழ் நிறுத்தினாள், தானும் நின்றாள். மழைச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டு, யாரிடமோ சண்டைக்குப் போகிறவள்போல, "ஹூப்ளி தாண்டி உங்களுக்கு ஒருக்கா இதே மாதிரி மழை புடிச்சுது. முழு லோடும் மொளகா. மேல போட்டிருந்தது நான் தெச்ச தார்ப்பாய். ஒரு சொட்டு எறங்கல" என்றாள். அதுதான் அவள் கொடுத்தது.

மாரப்பன் தலைக்கு மேலே தார்ப்பாயின் தையலைப் பார்த்தார். "ஆமாங்கம்மிணி" என்றார். "அதுல ஒரு மூலையில மட்டும் நீல நூல்ல தெச்சிருந்துச்சுங்க. வண்டிய ஓரங்கட்டிட்டு அதையே பாத்துட்டிருந்தேன். தெச்சவங்களுக்கு நூல் தீந்துபோச்சு போலன்னு நெனச்சேன்."

நூல் தீர்ந்துபோய், சேலை முந்தானையிலிருந்து நீல நூலை உருவித் தைத்த ஒரே ஒரு தார்ப்பாய் உண்டு. புருஷன் செத்த வருஷம் முதன்முதலாகத் தனியாக முடித்த தார்ப்பாய். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பெற்ற மகளிடம்கூட.  மழை விட்ட பிறகும் இரண்டு பேரும் கொஞ்சநேரம் தார்ப்பாய்க்குக் கீழேயே நின்றார்கள்.

அடுத்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அன்று வேறொரு வகுப்புக்கு மார்க் போட நீ அங்கே வந்திருந்தாய். படிக்கட்டுக்கு முன்னால் கோடு அவரைப் பிடித்து நிறுத்தியதால் அவரைக் கொன்றைமரத்தடியில் நிற்க வைத்துவிட்டு, மகளோடு அவள் மட்டும் மேலே ஏறினாள். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பிஸியா இருக்காங்க என்று அட்டெண்டர் வழிமறித்தான். துறைத் தலைவி நல்ல மாதிரி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, ரூல் இப்படி, ரூல் அப்படி என்று சொன்னார்.

"ரூல் இருக்கட்டுங்க மேடம். ஆளு இல்லேன்னுதான எழுதிருக்காங்க? ஆளு கீழ நிக்கறாரு. எறங்கி வந்து தொட்டுப் பாக்கட்டும். நான் ஒரு முழம் கவுறு வித்தாலும் இழுத்துப் பாத்துட்டுத்தான் வாங்கறான்."

"நான் நம்பறேம்மா. மார்க் போட்டது நானில்லையே."

"செரி, முழுசா அழிக்கவேண்டாம். பாதி. தோள்ல இருந்து நெஞ்சு வரைக்கும் எடுத்தாப் போதும்."

"அம்மா, பாதின்னெல்லாம் கெடையாதும்மா."

"எதுக்குங்க கெடையாது? முழு வெலையா சொல்லி முழு வெலைக்கே வித்த பொருள் உலகத்துல ஏதாச்சும் உண்டா?"

இந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள், துறைத் தலைவிக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தது. அவர் எழுந்துபோய் உன்னிடம் சொன்னார். நீ நாற்காலியிலிருந்து எழுந்தாய், ஜன்னல் பக்கம் வந்தாய், கீழே பார்த்தாய். கொன்றைப்பூ தலையில் விழ, பையைக் கையில் பிடித்துக்கொண்டு, மாரப்பன் உன்னை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பார்த்தாய். பார்த்துவிட்டு ஜன்னல் மறைப்பின் கயிற்றை இழுத்துவிட்டாய், பட்டை பட்டையாக அது இறங்கியது. வேறு வாடிக்கையாளரை எழுதிக் கொண்டுவந்தால் மறுபரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாய்.

திரும்பி வருகிற வழியில், லாரி கேபினில் நடுவில் உட்கார்ந்திருந்த மாரப்பன், "புள்ளைய வேற எழுதச் சொல்லுங்கம்மிணி" என்றார். "வேலை போயிரப்போகுது. நான் நின்னு பழகினவன்."

"உங்களை யாரு கேட்டா?" என்று பாவாயி சீறினாள். 

ஆனால் ஆனி மாசம் மறுபரீட்சை நாள் நெருங்க நெருங்க அவளே சொன்னாள்: "எழுதுடி."

"எழுதுனா இவரு என்னம்மா ஆவாரு? நான் வேற ஆளை எழுதி, அது பாஸாகி, இவரு இல்லாமப் போயிட்டா?"

"மொதல்ல நீ ஆளாகு. ஆளானவ சொன்னாத்தான் நாளைக்கு எவனும் காது குடுப்பான்." இதைச் சொன்னவள் உள்ளே போய், கயிற்றுக் கட்டுகளை ஒன்று விடாமல் அவிழ்த்து மறுபடி சுற்றினாள். அப்போது கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றாள். தூசி மூன்று நாள் இருந்தது, மூன்று நாளும் அவள் மாரப்பனின் முகத்தைப் பார்க்காமலேயே தட்டை நீட்டினாள்.

இந்துஜா கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர் தம்பதியை எழுதினாள். இரண்டு பேருக்கும் சாம்பல் நிறம் பிடிக்கும், வார இறுதியில் விருந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் வரைந்து முடித்தாள், வரையும்போது ஒருதடவைகூட அழிரப்பர் எடுக்கவில்லை என்று அவளே பிறகு சொன்னாள். ரிசல்ட் வருகிற அன்று பாவாயி கடையில் நின்றபடி நிமிஷத்துக்கு ஒருதடவை பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். போன் வந்தது, பாஸ். "மிகவும் நம்பகமான வாடிக்கையாளர்கள்" என்று நீ எழுதியிருந்தாயாம். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாரப்பன் பழைய லாரியின் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கோடும் அவரோடு இருந்தது. அன்றைக்கு அரியானா டிரைவர் ஒருவன் கேட்ட முதல் விலைக்கே அவள் ஒரு கயிற்றைக் கொடுத்துவிட்டாள். அவன் கயிற்றில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மாரப்பன் வந்ததைப் பார்த்த ஊராயிற்றே, எழுதப்பட்டவர்கள் வருவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பல் டாக்டர்கள் வருகிறார்கள் என்று செய்தி பரவி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சுற்றுப்பட்டில் பல்வலி கண்ட அத்தனை பேரும் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடை முன்னால் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ரசாக் பாய் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்த இரண்டு நாற்காலி போட்டு வைத்தார். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. ஒவ்வொரு பஸ்ஸாக நின்று போயிற்று. யாரும் இறங்கவில்லை. "ஏம்ப்பா, பாஸான ஆளு வரவே இல்லையே. பெயிலான ஆளுதான வந்தாரு" என்றான் குழந்தைவேலு. அவன் உன்னைக் கேட்கவில்லை, சும்மா ரோட்டைப் பார்த்துக் கேட்டான். நம்பகமானவர்களுக்கு வரவேண்டும் என்ற ஏக்கமே கிடையாது என்பதுதான் பதில். அவர்களை யாரும் ஆசைப்பட்டு எழுதவில்லை.

வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இந்துஜா மூலையில் கிடந்த குழாயைத் திறந்து மாரப்பனின் வீட்டை ரசாக் பாயின் பட்டறை மேஜையில் விரித்தாள். பாவாயி காலி மனையின் பத்திரத்தை அதன்மேல் வைத்தாள். லாரிக்குப் பாடி கட்டுகிற ஆட்கள் வீடு கட்டினார்கள். அவர்களுக்கு அதுதான் சுலபமாக இருந்தது. நானூற்றைம்பது மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இதென்ன இருமல் மருந்தா என்று திட்டிவிட்டு அடிக்கணக்காக மாற்றிக்கொண்டார்கள். முழங்காலை மடக்கிப் படுக்கிற அளவில் ஐந்தடிக் கட்டில் பதித்தார்கள், எட்டடி அகலத்துக்கு நிஜமான முன்கண்ணாடி பொருத்தினார்கள், அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு. பின்சுவரை வெறுமனே விடக் கை வராமல், இரண்டு கிளியும் ஒரு தாமரையும் வரைந்து நடுவில் "ஒலி எழுப்பவும்" என்று எழுதிவிட்டார்கள். போட்டோவைப் பார்த்துவிட்டு இந்துஜா போனில் கத்தினாள்: "ரசாக் மாமா, டிராயிங்ல இல்லாதத எதுக்கு எழுதுனீங்க?"

"பின்னாடி எழுதாம வுட்டா வண்டி ரோட்டுக்குப் போகாதே கண்ணு."

"இது போகக்கூடாது மாமா. அதுக்குத்தான் வூடு."

ரசாக் பாய் போனை வைத்துவிட்டு, பிரஷ்ஷும் டின்னுமாகப் பின்சுவர் முன்னால் போய் நின்றார். எழுத்தை அழிக்க மனசு வரவில்லை, கிளி நன்றாக வந்திருந்தது.

ஆவணி வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினார்கள். இந்துஜா முதல் சம்பளத்தில் வாங்கிய வேட்டி சட்டையோடு வந்து, "மாரப்பனய்யா, எங்கம்மாவுக்குக் கொக்கி எறக்குனேன் பாருங்க, அதுக்கப்புறம் நான் உருப்படியாப் பண்ணது இதுதான். பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஊரெல்லாம் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது. உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் அந்தப் பெண் கணக்குப் பண்ணி வைத்த உயரத்திலிருந்து பார்த்தால் பைபாஸ் ரோடு நம்மை விட்டுப் போவதாகத் தெரியவில்லை, எங்கிருந்தெல்லாமோ புறப்பட்டு நம்மிடம் வந்து சேர்வதாகத் தெரிந்தது. குழந்தைவேலு எழுந்திருக்கவே மாட்டேன் என்றான், யாரோ வந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்றான்.

புதுவேட்டி கட்டி வந்த மாரப்பன் நிலைப்படியில் வலது காலை வைத்தார். புதுச் சட்டையில் கோடு சிவந்து எழுந்து இறுகியது.  அவர் கதவு நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு நெஞ்சைத் தள்ளிப் பார்த்தார், நரம்பு புடைக்கத் தள்ளிப் பார்த்தார். பாவாயி உள்ளேயிருந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்று நினைக்காமல், அவர் கையைப் பிடித்து இழுத்தாள். லோடு கட்டுகிற கயிற்றை ஒற்றை ஆளாக இழுத்து முறுக்குகிற கை அது. கோடு விடவில்லை. அவர்தான் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, "வூடு நல்லாருக்குதுங்க கண்ணு. அளவெல்லாம் செரியா இருக்குது" என்று வெளியே நின்றபடியே இந்துஜாவிடம் சொன்னார். அந்தப் பெண் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். இப்போது அந்தக் கம்பெனியில் பெரிய பெரிய வீடுகளை வரைகிறாள், ஒவ்வொரு வீட்டின் நிலைப்படியை வரையும்போதும் கை ஒரு நிமிஷம் நிற்கிறது என்கிறாள்.

இதுதான் உன் கோடு விழுந்த இடம். தினம் மத்தியானம் பாவாயி கடையைச் சாத்திவிட்டு அந்த வீட்டுக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெயிலில், ஒரு டயரின் மேல் உட்கார்ந்து மாரப்பன் சாப்பிடுகிறார். அவருக்கு எதிரில் இப்போது அகலமான கண்ணாடி இருக்கிறது, சோறும் இறங்குகிறது. அவர்தான் அதற்குத் தப்பான பக்கத்தில் இருக்கிறார். அவள் ஏதாவது சொன்னால் அவருக்குக் கேட்பதில்லை, அவர் சிரித்தால் அவளுக்குச் சத்தம் வருவதில்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை கழுவ எழுந்திருக்கிறார்கள்.

எழுந்து வா. வண்டி இல்லையென்று சொல்லாதே, இந்தப் பக்கம் வருகிற எந்த லாரியைக் கைகாட்டினாலும் ஏற்றிக்கொள்ளும், பாவாயி பேரைச் சொன்னால் போதும். உன் மார்க்கை யாரும் கேட்கவில்லை, அதை அந்தப் பெண் பல் டாக்டர்களை எழுதியே வாங்கிக்கொண்டாள். மன்னிப்பும் வேண்டாம், அதை வைத்து இங்கே யாரும் கூரை போடப்போவதில்லை. அன்றைக்கு ஜன்னலில் நின்று பார்த்தாயே, அந்த ஆள் இருக்கிறார் என்று உன் கையால் எழுது. எழுதிவிட்டு, ஒரே இழுப்பில் போட்ட கோட்டை ஒரே இழுப்பில் எடு. நீ வந்து நிற்கவேண்டியது ஐந்து நிமிஷம். டீகூட வாங்கித் தருகிறார்கள். கோட்டை மட்டும் எடுத்துவிட்டு நீ போய்க்கொண்டே இரு, மிச்சத்தைப் பாவாயி பேசிக்கொள்வாள்.